கம்பிக்கு மேலே ஒரு கலசம்

பிரிக்பீல்ட்ஸுக்கு டிராம் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்று மிகவும் சந்தோஷப்பட்டவை வள்ளியம்மாளின் கால்கள். அவற்றுக்கு அடுத்தபடி நான். எனக்கு எது புதிதாக வந்தாலும் சந்தோஷம்தான். காய்ச்சல் வந்தால்கூட, ஆபீசுக்குப் போக வேண்டாமே என்றுதான் முதலில் தோன்றும்.

முதல் பெரிய சண்டை முடிந்து, அரிசி கிடைக்காமல் கோலாலம்பூரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த காலம். நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிராணி. வந்த மூட்டையை வந்தது என்றும் போன மூட்டையைப் போனது என்றும் எழுதுகிற உத்தியோகம். நாகப்பட்டினத்தில் என் அம்மா மகதலேனா, மகன் மலாயா ரயிலை நடத்திக்கொண்டிருக்கிறான் என்று கோயிலுக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடத்தியது உண்மைதான். கால்நடையாக, வீட்டிலிருந்து ஷெட்டுக்கு என்னையே நடத்திக்கொண்டிருந்தேன்.

குடியிருந்தது நாகையா வீட்டில். பெரிய ரோட்டுக்குப் பின்னால், ரோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு சந்து. மாட்டுச் சந்து என்று பேர். வண்டிக்காரர்களும் பால்காரர்களும் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு வரிசையாகக் குடியிருந்தார்கள். நிலம் கவர்மெண்டுடையது. வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பித்துக்கொண்டால் இருக்கலாம். போகச் சொன்னால் போகவேண்டும். ஆனால் போகச் சொல்லி யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆறு மட்டும் மழைக்காலத்தில் உள்ளே வந்து போகச் சொல்லிப் பார்க்கும். வடிந்ததும் எல்லோரும் சேற்றைத் தள்ளிவிட்டு அடுப்பு மூட்டுவார்கள்.

நாகையாவுக்குச் சொந்தமாக ஒரு வண்டியும் இரண்டு மாடுகளும் இருந்தன. செவலை, மயிலை. சூளையிலிருந்து செங்கல், ஆற்றிலிருந்து மணல், ஸ்டேஷனிலிருந்து சாமான். அவன் மனைவி வள்ளியம்மாளுக்கு ஒரு கறவை மாடு. மகள் சீதாலெட்சுமியைச் செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்ததில் முன் அறை காலியாகி, அதில் நான் குடியேறினேன். ஒரு வேதக்காரனை வீட்டில் வைப்பதா என்று அக்கம்பக்கம் கேட்டதற்கு, "அது சோத்துக்குக் கூப்பிட்டா வருது, வேலைக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குது. எல்லா சாதியிலயும் இருக்கற ஆளுதான்" என்று வள்ளியம்மாள் எனக்காக வாதாடினாள்.

சீதாலெட்சுமி வயிற்றில் ஏற்கெனவே ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். வள்ளியம்மாள் பால் ஊற்றி முடித்துவிட்டு, வெயிலில் செந்தூலுக்கு நடந்து, மகளுக்கு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, நடந்தே திரும்புவாள். செந்தூலுக்கு ரயில் உண்டு. ஆனால் அது வள்ளியம்மாள் பால் ஊற்றி முடிக்கும் நேரத்தை விசாரிக்காமல் கிளம்பிவிடும். திரும்பி வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில்தான் டிராம் செய்தியை நான் சொன்னேன்.

"கம்பியில ஓடுதாமே தம்பி? மாடு கெடயாது, குதிர கெடயாது, பொகையும் கெடயாதாம்?"

"பினாங்குல ஓடுதுக்கா. நம்ம ரோட்டு வழியா டவுனுக்குப் போயி, அங்கேருந்து செந்தூலு வரைக்கும் போடப் போறாங்களாம்."

"ஏறிக் குந்திக்கிட்டா செந்தூலு?"

"ஏறிக் குந்திக்கிட்டா செந்தூலு."

அவள் தண்ணீருக்குள் கால்விரல்களை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டாள். கொட்டகையில் செவலையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த நாகையாவுக்குக் கேட்டுவிட்டது.

"குந்து, குந்து. குந்திக்கிட்டு நேராப் பிச்ச எடுக்கப் போ. டிராமு வந்தா இந்த ரெண்டுக்கும் என்ன வேல?"

"டிராமு செங்கல்லா ஏத்தப் போவுது? மனுசந்தான ஏறுவான்."

"இன்னிக்கி மனுசன் ஏறுவான். நாளைக்கி மூட்ட ஏறும். ரயிலு வந்தப்பவும் இப்படித்தான் சொன்னானுங்க. கிள்ளானுக்கு வண்டி ஓட்டுன எங்கப்பன் என்ன ஆனாரு?"

"கள்ளு குடிச்சில்ல செத்தாரு?"

"ஏன் குடிச்சாரு? ரயிலு வந்துச்சு, குடிச்சாரு."

"ரயிலு வர்றதுக்கு முந்தி?"

"வரப் போவுதுன்னு குடிச்சாரு. நீ என்ன கிராணி, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கற? ஒனக்கென்ன, மேசையில ஒக்காந்து திங்கற ஆளு."

மேசை ஒன்று எனக்கு இருந்திருந்தால் அந்த வார்த்தை வலித்திருக்கும். ஷெட்டில் நான் மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் வைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

*

டிராம் வேண்டாதவன் நாகையா மட்டுமல்ல. பெரிய ரோட்டுக் கடைகளில் பாதிக்குச் சொந்தக்காரர் கார்த்திகேசு முதலாளி. ஊரில் பாதி வண்டி அவர் குத்தகையில் ஓடியது. நாகையாவுக்கு வேலை கொடுப்பவரும் அவர்தான். தண்டவாளம் போட்டால் கடைகளின் முகப்பில் அஞ்சடி நடைபாதையை வெட்டுவார்கள். அவருக்குத் துணையாக ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி. ரிக்‌ஷாக்களை வாடகைக்கு விடுகிறவர். இருவரும் சேர்ந்து வியாபாரம் கெடும் என்று, ஊர் நிர்வாகத்தைப் பார்க்கிற போர்டுக்கு ஒரு மனுக் கொடுத்தார்கள். போர்டு அதைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் எழுதியது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் கார்த்திகேசு முதலாளிக்கு ஞானம் பிறந்தது. துரைமார் வியாபாரிக்குப் பயப்படமாட்டார்கள். சாமிக்கும் பயப்படமாட்டார்கள். ஆனால் சாமியை இழுத்துக்கொண்டு வருகிற கூட்டத்துக்குப் பயப்படுவார்கள். சூளை மாரியம்மன் கோயிலுக்குத் தலைவரும் அவர்தானே. அம்மனுக்கே அவரிடம் கொஞ்சம் அச்சம் உண்டு என்பது என் அபிப்பிராயம். நான் வேதக்காரன், அந்தக் கோயிலைப் பற்றி என் அபிப்பிராயம் செல்லாது.

ஆடி மாதம் அம்மன் தேரில் வருவாள். சின்னத் தேர், ஒரு சோடி மாடு பூட்டினால் போதும். நாகையாவின் மாடுகள்தான் வருஷந்தோறும் பூட்டு. தேர் பெரிய ரோட்டில் வாசல் வாசலாக நிற்கும். வாசலில் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, வீட்டுக்காரர் தேங்காய்த் தட்டோடு நிற்பார். பூசாரி வாங்கிப் படைத்து, கர்ப்பூரம் காட்டித் திருப்பித் தருவார். வாசல் இருந்தால்தான் நிற்கும். அதுதான் வழக்கம். மாட்டுச் சந்துக்குத் தேர் வராது. சந்துக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, யாராவது கடைக்காரரின் அஞ்சடியில் ஒதுங்கி நிற்கவேண்டும். கடைத்தட்டுகள் முடிந்து, கர்ப்பூரமும் முடிகிற சமயத்தில் வள்ளியம்மாளின் தட்டு போகும்.

"எம் மாடு இழுக்குது. எம் புருசன் ஓட்டறாரு. எந் தட்டு மட்டும் அடுத்தவன் வாசல்ல நிக்குது" என்று ஒவ்வொரு ஆடியிலும் தேங்காயைத் துருவிக்கொண்டே சொல்வாள். "ஒரு தடவ நம்ம வாசல்ல நின்னா என்னவாம்?"

"சந்துல தேரு திரும்பாது புள்ள" என்பான் நாகையா.

"சின்னத் தேருதான? நெனச்சா திரும்பும்."

டிராம் எஞ்சினியர் துரை ஒருநாள் கோயிலுக்கு வந்தார். கார்த்திகேசு முதலாளி பேசியதை இங்கிலீஷாக்க என்னைப் பிடித்துப் போனார்கள். துரை மூங்கில் ஒன்றை நட்டு, கம்பி இந்த உயரத்தில் போகும் என்று காட்டினார். தேரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், கம்பிக்குக் கீழே தாராளமாகப் போகும்போல் இருந்தது. முதலாளியின் முகம் சுருங்கியது.

"இது சும்மா நாள் தேருன்னு சொல்லுங்க கிராணி. திருவிழாவுக்குத் தேர் வளரும்."

"தேர் வளரும் ஐயா" என்று நான் மொழிபெயர்த்தேன். துரை என்னை ஒருமுறை பார்த்தார். எதை ஊற்றி வளர்ப்பீர்கள் என்று கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

அன்று சாயங்காலமே நாகையாவுக்கு அழைப்பு வந்தது. மூங்கில் கட்டுவதிலும் வண்டி அடிப்பதிலும் அவனுக்குக் கைத்திறம் உண்டு. தேருக்கு மேல் ஒரு தட்டு எழும்பியது. துரை கம்பியை உயர்த்திக்கொள்கிறேன் என்றார். இன்னொரு தட்டு எழும்பியது. கம்பி மறுபடி உயர்ந்தது. உச்சியில் செம்புக் கலசம் ஏறியது. சீனத் தவுக்கே திடீரென்று மாரியம்மன் பக்தராகி, சரிகைத் துணி வாங்கிக் கொடுத்தார். உயரம் ஏற ஏறத் தேர் தள்ளாடியது. சாயாமலிருக்க நாகையா பழைய அச்சைக் கழற்றிவிட்டு நீள அச்சு போட்டான். தேர் அகலத்திலும் வளர்ந்தது.

பகலெல்லாம் செங்கல் ஏற்றி இறக்கிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் தேர்மேல் ஏறிக்கொள்வான். கூலி கிடையாது, அம்மன் வேலை. வீட்டில் வள்ளியம்மாள் அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். எனக்குக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் வரும். அவனுக்குக் கிழங்கு மட்டும் வரும்.

"குழம்பு?" என்பான்.

"தேரு மேல இருக்குன்னு சொல்லுங்க தம்பி. ஏறி எடுத்துக்கட்டும்."

போர்டு விசாரணையில் கார்த்திகேசு முதலாளி தலைப்பாகை கட்டிக்கொண்டு சொன்னதை நானே இங்கிலீஷில் சொன்னேன். இந்த உயரம் ஆகமத்தில் உள்ளது. ஆதிகாலந்தொட்டு இதே உயரம். ஓர் அங்குலம் குறைத்தாலும் ஊருக்கு அம்மை கண்டுவிடும். தேரில் பூட்டிய மாட்டை அடிக்கக்கூடாது. அதுவாக நின்றால் நிற்கவேண்டும், அதுவாக நகர்ந்தால் நகரவேண்டும். அதன் பின்னால் டிராம் மணியடித்துக்கொண்டு காத்திருக்க முடியுமா என்பதைத் துரைமார் யோசிக்கவேண்டும். துரைமார் யோசித்தார்கள். அந்த ஆதிகாலத்து மூங்கில் அப்போது பச்சை வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

பெரிய ரோட்டில் டிராம் இல்லை என்று முடிவாயிற்று. சீன வெடியும் நம் வெடியும் சேர்ந்து வெடித்தன. கார்த்திகேசு முதலாளி நாகையாவின் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, "இவன் கைதான்யா நம்ம ரோட்டக் காப்பாத்துன கை" என்றார். நாகையா அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே மாட்டுவது என்று தெரியாமல், கடைசியில் செவலையின் கொம்பில் மாட்டினான்.

*

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை, அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டு நாலைந்து மலாய்க்காரர்கள் சந்துக்குள் வந்தார்கள். பின்னால் எஞ்சினியர் துரை, சேற்றில் பூட்ஸைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துக்கொண்டு. முனையில் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துக்கொண்டே வந்தார்கள். ஒன்று மாட்டுக்கொட்டகையில். ஒன்று என் கட்டிலுக்கு நேரே சுவரோரம். ஒன்று வாசலில், வள்ளியம்மாள் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடியை ஒட்டி.

"ஆப்பா ஹால்?" என்றான் நாகையா. என்ன சேதி என்று கேட்க அவனுக்கிருந்த மலாய் அவ்வளவுதான்.

"ட்ரெம் லாலு சினி" என்றான் சங்கிலிக்காரன். டிராம் இந்த வழி போகும்.

நாகையா என் தோளைப் பிடித்தான். "கிராணி, இவனுக்குத் தெரியல. தொரகிட்ட கேளு. பெரிய ரோட்டுக்கு அடிக்கவேண்டிய மொளய மாத்தி அடிக்கறானுங்க."

நான் துரையிடம் கேட்டேன். அவர் பொறுமையாகவே சொன்னார். பெரிய ரோட்டில் மத ஊர்வலம் போகிறது, அதை மதிக்கவேண்டும். டிராம் கம்பெனிக்கு வேறு வழி காட்டச் சொன்னபோது, ஊர்ப் பெரியவர்களே இந்தச் சந்தைக் காட்டினார்கள். இங்கே ஊர்வலம் எதுவும் வருவதில்லையாம். பட்டா இல்லாத குடிசைகள். யாரும் மறுத்து எழுதவுமில்லை. எங்களுக்காகத்தான் வருத்தப்படுவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த முளைக்குப் போனார்.

நான் தமிழில் சொன்னேன். சொல்லிமுடிப்பதற்குள் அந்த மொழியே எனக்கு மறந்துபோகாதா என்று இருந்தது.

நாகையா முளையையே பார்த்துக்கொண்டு நின்றான். வள்ளியம்மாள் கையில் பால் செம்போடு வந்து, முளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பல வாரத்துக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசினாள்.

"நா ஏறிக் குந்திக்கத்தான் கேட்டேன். நீங்க வீட்டுக்குள்ளயே கூட்டியாந்துட்டீங்க."

அன்று அவனுக்குக் குழம்பு ஊற்றினாள். அவன் கிழங்கை மட்டும் தின்றான்.

*

மறுநாள் நாகையாவும் நானும் கார்த்திகேசு முதலாளியின் கடைக்குப் போனோம். அவர் கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தார். முதலாளி என்றால் கெட்டவர் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் நாற்காலி போடச் சொல்லி, காப்பி வரவழைத்து, நாகையா உட்காராததைப் பார்த்துத் தாமும் எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியும் நாகையா. மனசு கேக்கல."

"நீங்கதான் காட்டுனீங்கன்னு தொர சொல்றாரு மொதலாளி."

"நானா காட்டுனேன்? கூட்டமாக் காட்டுனோம். எங்கயாவது காட்டணும்ல? ஒண்ணும் காட்டாட்டி ரோட்டு மேலயே போட்ருவான்."

"ஆத்துக்கு அந்தாண்ட காட்டியிருக்கலாமே."

"அந்தாண்ட யாரு தோட்டம்? போர்டுல ஒக்காந்திருக்கற தொர தோட்டம்யா. அங்க எப்பிடிக் காட்டறது?"

நாகையா கொஞ்சம் யோசித்தான். வழி நெடுக இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தான்.

"மொதலாளி, ஒரு வழி இருக்கு. வர்ற ஆடிக்கித் தேர நம்ம சந்து வழியாவும் ஒரு சுத்து விடுவோம். சாமி வர்ற பாதன்னு ஆயிட்டா தொர கைய வைக்க மாட்டாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"சந்துலயா?"

"எம் மாடு. நா ஓட்டறேன். உங்களுக்குச் செலவு இல்ல."

கார்த்திகேசு முதலாளி என்னைப் பார்த்தார், மொழிபெயர்க்க இதில் ஏதாவது வழி உண்டா என்பதுபோல. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாகையா, தேர் சந்துக்குள்ள நொழையாதேய்யா. பழைய தேருன்னா நொழைஞ்சிருக்கும். நீதான அச்ச நீட்டுன? நீதான ஒசத்துன?"

தெருவில் ஒரு ரிக்‌ஷா போனது. காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

"மேல் தட்டக் கழட்டி, பழைய அச்ச மாட்டிட்டா?" என்றான் நாகையா.

"ஓரங்குலம் கொறஞ்சா அம்ம வரும்னு சத்தியம் பண்ணிட்டு, ஒரு தட்டையே கழட்டுனா போர்டு சும்மா இருக்குமா? மொத்தமும் பொய்யின்னு சொல்லி, ரோட்டுலயே தண்டவாளத்தப் போடுவான்."

"எங்க வீட்ட என்ன மொதலாளி பண்றது?"

"ஒரு ஊருன்னா யாராச்சும் வழி விட்டுத்தான் ஆவணும் நாகையா."

"அது ஏன் எப்பவும் சந்துலயே இருக்காங்க, அந்த யாராச்சும்?"

காப்பியை நான் குடித்துவிட்டேன். இருவர் மனம் புண்பட்டிருக்கிற இடத்தில் காப்பி ஆறிப்போவதில் யாருக்கும் லாபமில்லை. வெளியே வந்ததும் நாகையா, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

*

நோட்டீஸ் வந்தது. சந்துக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷையெல்லாம் அதில் செலவழித்தேன். போர்டு அதையும் பெற்றுக்கொண்டதாகப் பதில் எழுதியது. பெற்றுக்கொள்வதில் அவர்கள் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை.

பிரிக்கிற நாளில் நல்ல மழை. அத்தாப்பு ஓலை நனைந்தால் கனக்கும். நாகையா கூரைமேல் நின்று கட்டுகளை அறுத்து அறுத்துக் கீழே போட்டான்; நான் வாங்கி வண்டியில் அடுக்கினேன். அதாவது, தலையில் வாங்கினேன், பிறகு அடுக்கினேன். வள்ளியம்மாள் அடுப்புக் கற்களைச் சாக்கில் கட்டினாள். கறவை மாட்டை எங்கே கட்டுவது என்று பார்த்துவிட்டு, வேறு கம்பம் எதுவும் நிற்காததால், சிவப்புத் துணி கட்டிய முளையில் கட்டினாள். மாடு அந்தத் துணியைச் சப்பிப் பார்த்து, மெல்லத் தொடங்கியது.

"திங்கட்டும்" என்றாள். "அதுக்காவது பிரயோசனப்படட்டும்."

கறிவேப்பிலைச் செடியைத் தோண்டிப் பார்த்தாள். வேர் முளைக்கடியில் போய்ச் சிக்கியிருந்தது. விட்டுவிட்டாள்.

செந்தூலில் மகள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். "பாருங்க தம்பி, டிராமு வராமயே மக கிட்ட வந்துட்டேன்" என்று வள்ளியம்மாள் சிரித்தாள். நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவள். அன்று சரியாக வரவில்லை. சூளை தூரமாகிவிட்டதால் நாகையா விடியுமுன் வண்டி கட்டினான். சீதாலெட்சுமிக்குப் பெண்பிள்ளை பிறந்து, இந்தத் தடவை தங்கியது. நான் ஒரு செட்டிக்கடை மாடியில் எலிகளோடு குடியேறினேன். அவை என்னைவிட ஒழுங்காக வாடகை கொடுக்கும்போல, கடைக்காரர் அவற்றை ஒன்றும் சொல்வதில்லை.

டிராம் வரவில்லை.

கம்பெனிக்கு லண்டனில் பங்கு விற்கவில்லை என்றார்கள். ரப்பர் விலை விழுந்துவிட்டது என்றார்கள். மோட்டார் பஸ் வந்துவிட்டதே, இனி எதற்கு என்றார்கள். சந்து இருந்த இடம் அகலமாக, நேராக, ஆளில்லாமல் கிடந்தது. லாலான் புல் இடுப்புயரம் வளர்ந்தது. முளைகள் ஒவ்வொன்றாக உளுத்து விழுந்தன.

இதற்கிடையில் கார்த்திகேசு முதலாளி தம் கடைகளுக்கு மின்சார விளக்குக் கேட்டு வாங்கினார். ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கம்பிகள் போயின. விளக்கு எரிந்த அன்று அவரே எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். ஆடி பிறந்து தேரை வெளியே இழுத்தபோதுதான், கலசம் கம்பிக்கு மேலே நிற்கிறது என்பதை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

தேரைக் குறைக்க முடியாது, ஆகமம். கம்பியைக் கழற்ற முடியாது. முதலாளியே கேட்டு வாங்கியது. டிராமுக்கென்று வீடுகளைப் பிரித்துப் போட்ட அகலமான பாதை ஒன்று பின்னால் சும்மாதான் கிடந்தது.

*

வெயில் தாழ்ந்த நேரம் தேர் புறப்பட்டது. செந்தூலிலிருந்து செவலையையும் மயிலையையும் ஓட்டிக்கொண்டு நாகையா வந்திருந்தான். போகாதே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "மாடு வருசா வருசம் இழுத்த மாடு கிராணி. அதுக்கென்ன கோவம்?" என்றான். அவனுக்கு இருந்ததா என்று கேட்கவில்லை. வள்ளியம்மாள் பேத்தியை மகளிடம் கொடுத்துவிட்டு, தேங்காய்த் தட்டோடு தேருக்குப் பின்னால் கூட்டத்தில் நடந்து வந்தாள். எங்காவது ஓர் அஞ்சடியில் நிற்கலாம் என்று கொண்டுவந்த தட்டு.

ஒரு வாசலிலும் நிற்கும் முன்பே தேர் சந்துக்குள் திரும்பியது. இருபுறமும் புல். நிற்பதற்கு ஒரு வாசல் இல்லை. நாதஸ்வரக்காரர்கூட யாருக்கு வாசிப்பது என்று தெரியாமல் குழலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். சட்டென்று கடந்து அடுத்த முனைக்குப் போய்விடலாம் என்பது கார்த்திகேசு முதலாளியின் கணக்கு. பட்டுவேட்டியில் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

பாதி வழியில் செவலை நின்றது. அது நின்றதும் மயிலையும் நின்றது. இரண்டும் தலையை இடதுபக்கம் திருப்பிக்கொண்டன.

"என்னய்யா நிறுத்திட்ட?" என்றார் முதலாளி. "வாசல் எங்க இருக்கு?"

"நா நிறுத்தல மொதலாளி. அதுவா நிக்குது."

"தட்டி ஓட்டு."

"தேர்ல பூட்டுன மாட்ட அடிக்கப்படாதுன்னு நீங்கதான் போர்டுல சொன்னீங்க. ஆகமத்துல இருக்காமே."

கூட்டத்தில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அது நான் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை.

அப்போதுதான் புல்லுக்குள் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தேன். ஆளுயரம் வளர்ந்திருந்தது. வள்ளியம்மாள் எனக்கு முன்னே பார்த்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புல்லைக் காலால் மிதித்து ஒதுக்கி, செடிக்குப் பக்கத்தில், தன் வாசற்படி இருந்த இடத்தில், தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள்.

பூசாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி மாட்டைப் பார்த்தார். மாடு யாரையும் பார்க்கவில்லை. பூசாரி கீழே இறங்கி வந்து தட்டை வாங்கினார்.

"யார் பேருக்கும்மா?"

வள்ளியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "செவல, மயில."

பூசாரி நட்சத்திரம் கேட்கவில்லை. தேங்காய் உடைந்தது. கர்ப்பூரம் முழுசாக எரிந்தது; முதல் தட்டல்லவா.

பூசை முடிந்தும் மாடுகள் நகரவில்லை. வியர்த்துப்போய்க் கார்த்திகேசு முதலாளி கேட்டார்: "அதான் ஆச்சேய்யா. இன்னும் ஏன் நிக்குது?"

"வைக்கோலுக்கு நிக்குது மொதலாளி" என்றான் நாகையா. "கொட்டாயி இங்கதான இருந்துச்சு. வேல முடிஞ்சு இங்க வந்து நின்னா வைக்கோலு வரும்னு அதுக்கு நெனப்பு."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் லாலான் புல்லைப் பிடுங்கினார். கையை அறுக்கிற புல். கொண்டுபோய்ச் செவலையின் வாய்க்கு நேரே நீட்டினார். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் புல்லைக் கீழே போடவும் தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

வள்ளியம்மாள் தட்டை என் கையில் கொடுத்தாள். மாடுகளுக்கு முன்னால் போய், இரண்டின் நெற்றியிலும் விபூதியை அழுத்தி இட்டாள்.

"வாங்கடா, போதும்" என்றாள். "நம்ம வீடு இப்ப இங்க இல்ல."

செவலை முதலில் அடி எடுத்து வைத்தது.